தமிழ் மீடியத்துல படிச்சிட்டு காலேஜ் இங்கிலீஷ் புக்க புரிஞ்சு படிக்கிறது எப்படி

குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துலருந்து வேலூர் காலேஜுக்கு வர்ற பசங்க நெறைய பேரு முதல் வருஷ புக்க தொறந்ததுமே பயந்துடுறாங்க, பயப்படவே வேணாம், இது பழக்கத்துல வர்றது தான்.

மொதல்ல ஏற்கனவே தெரிஞ்ச விஷயத்த இங்கிலீஷ்ல படிங்க. 1806 ஜூலை 10 நம்ம வேலூர் கோட்டையில நடந்த சிப்பாய் புரட்சிய எடுத்துக்கோங்க, புது தலைப்பாகை, நெத்தியில குறி வைக்கக்கூடாது, தாடிய எடுக்கணும்னு போட்ட உத்தரவெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க, அதனால மியூட்டினி (படைக்குள்ள கலகம்), கேரிசன் (கோட்டைய காக்குற படை)னு வந்தா முன்ன பின்ன இருக்கிற வரிய வச்சே பாதி புடிச்சிடலாம். யூகிச்சத பென்சில்ல ஓரமா எழுதுங்க, பாரா முடிஞ்சப்புறம் தான் டிக்‌ஷனரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னுனு இருந்தா மேல என்ன படிச்சோம்னே மறந்துடும்.

பாரா முடிஞ்சா புக்க மூடிட்டு தமிழ்லயே ஒரு வரி சொல்லிப் பாருங்க. வரலன்னா திரும்ப படிங்க. ஹவெவர்னு (ஆனாலும்னு அர்த்தம்) வந்தா வட்டம் போடுங்க, எழுதுனவரு பேச்சு திரும்புற எடம் அது.

வார்த்தைக்கு, காக்ஸ்ஹெட்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2000ல வெளியிட்ட அகாடெமிக் வேர்ட் லிஸ்ட் போதும், 570 வேர்ட் ஃபேமிலி (அனலைஸ், அனாலிசிஸ் மாதிரி ஒரே வேர்லருந்து வர்ற வார்த்தைங்க ஒரு ஃபேமிலி), எந்த சப்ஜெக்ட் படிச்சாலும் இதுங்க தான் திரும்ப திரும்ப வரும், நெட்லயே கெடைக்கும். யாரும் பேசாத பெரிய பெரிய வார்த்தைய மனப்பாடம் பண்றது வேஸ்ட். தெனம் அஞ்சு எடுத்து, பாலாத்து தண்ணிய லேப்ல அனலைஸ் பண்ணாங்கன்ற மாதிரி சொந்தமா ஒரு வரி இங்கிலீஷ்ல எழுதுங்க. மறுநாள் ஒருவாட்டி, ஒரு வாரம் கழிச்சி ஒருவாட்டி, அர்த்தத்த கையால மறைச்சிட்டு சொல்லிப் பாருங்க.