கருவைப் போலத் தெரிந்தால் போதுமா?

நுண்ணோக்கியில் உருண்டையாக, நடுவில் குழிவோடு, ஒரு பக்கம் செல் திரளோடு ஒன்று தெரிந்துவிட்டால் ‘பிளாஸ்டாய்டு (கருப்பையில் ஒட்டுவதற்கு முந்தைய கருவைப் போல ஆய்வகத்தில் வளர்த்த மாதிரி) கிடைத்துவிட்டது’ என்று முடிவுகட்டிவிடுவார்கள். பலவகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களை வைத்துத் தொடக்கநிலைக் கருவளர்ச்சியைப் படிப்பவர்கள் வழுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

2021 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு, தோல் செல்களை மறுநிரலாக்கம் செய்து, அதாவது தொடக்கநிலைச் செல்களைப் போல மாற்றி, மனித பிளாஸ்டாய்டுகளை உருவாக்கியது. பார்வைக்கு அசல் கருவைப் போலவே இருந்தன. ஆனால் அவற்றின் ஒற்றைச் செல் ஆர்.என்.ஏ. தரவை (ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்ற பட்டியலை) உண்மையான கருக்களின் தரவோடு ஒப்பிட்ட வேறு ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைச் சுட்டினார்கள். நஞ்சுக்கொடிக்குப் போகவேண்டிய வெளியுறைச் செல்கள் என்று சொல்லப்பட்டவை, பனிக்குட உறையின் (கருவைச் சூழும் நீர்ப்பையின் சவ்வு) செல்களைத்தான் அதிகம் ஒத்திருந்தன. கேட்டா3 என்ற மார்க்கர் (செல்லின் வகையை அடையாளம் காட்டும் புரதம்) இரண்டிலுமே ஒளிரும். அதனால் ஒன்றிரண்டு மார்க்கரை நம்பிச் செல்லுக்குப் பெயர் வைக்காதீர்கள். எதோடு ஒப்பிடுகிறீர்களோ அந்தத் தரவில் பனிக்குட உறைச் செல்லும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பட்டியலில் தேடினால் தப்பான பெயர்தான் கிடைக்கும்.

அடுத்தது, கேள்விக்குப் பொருந்தாத மாதிரியை எடுப்பது. 2014-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த சுண்டெலி கேஸ்ட்ருலாய்டு (ஸ்டெம் செல் திரள் நீண்டு, தலை-வால் அச்சு உருவாகும் கட்டத்துக் கருவைப் போல வளரும் மாதிரி), உடல் அச்சு எப்படி நீள்கிறது என்பதைப் பார்க்க அருமையானது. ஆனால் நஞ்சுக்கொடிக்கான திசு அதில் கிடையாது, முன்மூளையும் வராது. அதை வைத்துக் கருப்பதிவைப் பற்றி, அதாவது கரு கருப்பையில் ஒட்டிப் பதிவதைப் பற்றி, என்ன சொல்ல முடியும்? சுண்டெலியில் கண்டதை அப்படியே மனிதருக்கு ஏற்றுவதும் கூடாது. உடல் அச்சு உருவாகும் கட்டத்தில் சுண்டெலிக் கரு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். மனிதக் கரு தட்டையான வட்டு.

கைவேலையில் சறுக்குவது பெரும்பாலும் செல் எண்ணிக்கையில். கேஸ்ட்ருலாய்டுக்கு வளர்ப்புத் தட்டின் ஒவ்வொரு குழிக்கும் சுமார் 300 செல்கள். செல்கள் சரியாகப் பிரியாமல் கட்டியாக இருக்கும்போதே எண்ணினால் கணக்கு தப்பும். கூடிப்போனால் ஒன்றுக்கு மேற்பட்ட வால் முளைக்கும், குறைந்தால் நீளவே நீளாது. 48 மணி முதல் 72 மணி வரை சிரான் (வளர்ச்சிச் சமிக்ஞையைத் தூண்டும் வேதிப்பொருள்) கொடுக்கும் கட்டத்துக்கு வந்த பிறகு இதைச் சரிசெய்ய வழியில்லை. அப்புறம், 120 மணி நேரம் வளர்த்தது என்றால் ஐந்து நாள் கரு என்று எழுதிவிடாதீர்கள். தொடங்கும் செல்லே கருப்பதிவை நெருங்கிய கட்டத்தைச் சேர்ந்தது.

தேறிய நாலைந்தை மட்டும் படம் பிடித்துக் காட்டுவதும் உண்டு. 2022-இல் இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனம் துடிக்கும் இதயத்தோடு வளர்த்த சுண்டெலி மாதிரிகளில், அந்தக் கட்டத்தை எட்டியவை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதை அவர்களே கட்டுரையில் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் மொத்தக் குழிகள் எத்தனை என்று எழுதுங்கள்.

குரோமோசோம் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மனித ஸ்டெம் செல்களில் 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாகச் சேர்வது சாதாரணம். அது சேர்ந்த செல்கள் எளிதில் சாகாது, தட்டில் மற்றவற்றைவிடச் செழிப்பாகவே தெரியும்.