எல்க்ஸ் லாட்ஜில் தன்னார்வலர்களைக் கௌரவிப்பது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்கச் சிறு நகரங்களில் எல்க்ஸ் லாட்ஜ் (எல்க்ஸ் என்ற சகோதர சங்கத்தின் உள்ளூர்க் கிளை) என்றால் பெரும்பாலும் ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு பார், வெளியே கார் நிறுத்த கொஞ்சம் இடம். 1868-ல் நியூயார்க்கில் தொடங்கிய இந்தச் சகோதர சங்கத்தை இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் சம்பளம் வாங்காத மனிதர்கள்தான். முன்னாள் படைவீரர்களுக்குக் காலை உணவு சமைப்பவர், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகராதி கொண்டுபோய்க் கொடுப்பவர், ஹூப் ஷூட் என்ற, பிள்ளைகள் கூடையில் பந்து எறியும் போட்டியில் ஒவ்வொரு பிள்ளையின் 25 எறிதல்களையும் விடாமல் எண்ணிக் குறிப்பவர் என்று பட்டியல் நீளும்.

இவர்களைப் பாராட்டும் பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். மேடையில் தெரிகிறவர்களுக்கு விருது தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். சமையலறையிலும் கிடங்கிலும் நிற்பவர்களுக்குப் போய்ச் சேரவேண்டுமானால் ஆண்டு முழுக்கப் பதிவேடு எழுதவேண்டும். இந்த வேலையில் பாதிக்கு மேல் அந்தப் பதிவேடுதான்.

படி 1: தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

லாட்ஜின் ஆண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. தலைமைப் பொறுப்பில் இருக்கும் எக்சால்டட் ரூலரும் மற்ற அதிகாரிகளும் அதையொட்டியே மாறுகிறார்கள். அதனால் விருது விழாவை மார்ச் மாதத்தில், புதியவர்கள் பதவியேற்பதற்கு முன் வைத்துவிடுங்கள். ஆண்டு முழுக்க உடனிருந்து பார்த்தவர் கையால் கொடுப்பதற்குத்தான் மதிப்பு. தள்ளிப்போட்டு மே மாதத்தில் வைத்தால், அந்த உழைப்பை அருகில் பார்த்திராத புதிய தலைவர் காகிதத்தைப் பார்த்துப் படிக்கவேண்டியிருக்கும்.

பின்னோக்கி எண்ணினால்: ஜனவரி முழுக்கப் பரிந்துரைகள், பிப்ரவரி முதல் இரண்டு வாரத்தில் தேர்வு, விழாவுக்கு மூன்று வாரம் முன்பே கேடயத்துக்கு ஆர்டர்.

படி 2: மணிநேரப் பதிவேடு

ஒரு வரிக்கு ஆறு கட்டங்கள் போதும்: தேதி, பெயர், நிகழ்ச்சி, மணி நேரம், ஓட்டிய மைல், கையிலிருந்து செலவழித்த தொகை. லாட்ஜ்கள் தங்கள் அறப்பணிக் கணக்கை ஆண்டுதோறும் மேலே அனுப்பவேண்டியிருப்பதால் அதே தாள் இரண்டு வேலைக்கும் ஆகும். நேரத்தை அருகிலுள்ள கால் மணிக்கு முழுமையாக்குங்கள்.

தாளை வாசலில் வைத்துப் பேனாவையும் கட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. பரிமாற வருபவர் கையெழுத்துப் போடுவார். காலை ஐந்தரைக்குப் பின்வாசல் வழியாக வந்து அடுப்பு பற்றவைப்பவர் அந்தத் தாளைப் பார்ப்பதே இல்லை. பாத்திரம் கழுவுபவருக்கு இரண்டு கையும் ஈரம். அவர் வெளியே வரும்போது தாளை யாரோ எடுத்து வைத்திருப்பார்கள். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் மிகக் கடினமாக உழைத்த இருவருக்கும் கணக்கில் ஒன்றும் இருக்காது. ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒருவரைக் குறிப்பாளராக நியமியுங்கள். அவர் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை சமையலறை, கிடங்கு, வாகன நிறுத்துமிடம் மூன்றையும் சுற்றிவந்து தானே பெயர்களை எழுதவேண்டும்.

எது கணக்கில் வரும் என்பதை ஏப்ரலிலேயே முடிவுசெய்து ஒரு பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். மாதம் இரண்டு காலை உணவு, ஒவ்வொன்றுக்கும் 4 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 96 மணி. முந்தைய நாள் கடைக்குப் போய் முட்டையும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால் 120. நூறு மணி நேரம் தாண்டியவர்களுக்குச் சட்டையில் ஒரு பின் (பேட்ஜ்) குத்துவது என்று வைத்திருந்தால், இந்த ஒரு விதியை வைத்தே அவர் உள்ளே வருவார் அல்லது வெளியே நிற்பார். முன்னேற்பாட்டு நேரத்தைச் சேர்ப்பதுதான் நியாயம் என்பது எங்கள் கருத்து.

இரண்டு எச்சரிக்கைகள். முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் சேவை செய்பவர்களின் நேரத்தை அந்த மருத்துவமனையே தனியாகப் பதிவுசெய்கிறது; அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி உங்களுடையதோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நேரம் இருமுறை ஏறிவிடும். அடுத்தது, பாரில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரின் பணிநேரத்தைத் தன்னார்வ நேரமாக எழுதவே கூடாது. ஊதியம் கொடுத்துச் செய்விக்கும் அதே வேலையை அவரிடம் இலவசமாக வாங்குவது தொழிலாளர் சட்டத்துக்கே ஆகாது.

படி 3: எந்த விருது, யார் முடிவுசெய்வது

தொடக்கத்துக்கு நான்கு போதும்: ஆண்டின் சிறந்த எல்க், ஆண்டின் சிறந்த அதிகாரி, உறுப்பினர் அல்லாத நகரவாசி ஒருவருக்கான விருது, மணிநேர அடிப்படையில் பின்கள். முதல் இரண்டையும் எக்சால்டட் ரூலரே தேர்ந்தெடுப்பது பல லாட்ஜ்களில் வழக்கம். உங்கள் லாட்ஜின் துணைவிதிகளில் என்ன இருக்கிறது என்று செயலாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவற்றுக்கு மூன்று அல்லது ஐந்து பேர் கமிட்டி. பரிந்துரைக்கப்பட்டவரும் அவர் குடும்பத்தாரும் அதில் இருக்கக்கூடாது.

மணிநேரப் படிநிலைக்கு ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் அமெரிக்க அதிபரின் தன்னார்வச் சேவை விருதைப் பார்க்கலாம். 2003-ல் தொடங்கிய அந்தத் திட்டம் 2025-ல் நிறுத்திவைக்கப்பட்டது. அதில் பெரியவர்களுக்கு 100 மணி நேரம் வெண்கலம், 250 வெள்ளி, 500 தங்கம், வாழ்நாளில் 4,000 மணிக்குத் தனி விருது. சிறிய லாட்ஜுக்கு 50, 100, 250 என்று இறக்கிக்கொள்ளலாம்.

மணிக்கணக்கை மட்டுமே அளவுகோலாக வைத்தால் ஓய்வுபெற்றவர்களே ஆண்டுதோறும் வாங்குவார்கள். இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, கைக்குழந்தையோடு மாதம் மூன்று மணி நேரம் தருபவருடைய மூன்று மணிக்கு எடை அதிகம். பரிந்துரைப் படிவத்தில் ‘இவர் இல்லாவிட்டால் எந்த வேலை நின்றிருக்கும்?’ என்று ஒரு கேள்வி சேருங்கள். நல்ல தேர்வுகள் பெரும்பாலும் அந்தப் பதிலிலிருந்துதான் வருகின்றன.

படி 4: பாராட்டுரை

விருது பெற்றவர் வீட்டுச் சுவரில் மாட்டும் கேடயத்தைவிட அன்று காதில் விழுந்த வாக்கியம்தான் அவரிடம் தங்கும். ஆகவே இதற்கு நேரம் கொடுங்கள்.

தர்மம், நீதி, சகோதர அன்பு, விசுவாசம் ஆகிய நான்கும் எல்க்ஸ் போற்றும் பண்புகள். புதிதாக எழுதுபவர்கள் இந்த நான்கையும் அடுக்கி, ‘அயராத உழைப்பு, தன்னலமற்ற சேவை’ என்று முடித்துவிடுவார்கள். பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் உரை அது. கேட்பவர் கைதட்டுவார், மறந்துவிடுவார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஹூப் ஷூட் நடந்த சனிக்கிழமை, மதிப்பெண் எழுத வேண்டியவர் பனியில் மாட்டிக்கொண்டார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அத்தனை பிள்ளைகளின் எறிதல்களையும் தானே குறித்தார். கடைசியாக வந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு பந்துகூட விழவில்லை. அந்தப் பெண்ணின் தாளிலும் பெயரை அழகாக எழுதி, கையில் கொடுத்து, அடுத்த ஆண்டும் வரவேண்டும் என்றார்.’ ஒரே ஒரு நிகழ்வு, கண்ணால் பார்த்தவர் சொன்னது, கூடவே பதிவேட்டிலிருந்து ஒரு எண். அவ்வளவு போதும்.

நீளம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டவேண்டாம். வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள். நோய், விவாகரத்து, பணக்கஷ்டம் போன்றவற்றைப் பாராட்டாகக்கூட மேடையில் சொல்லாதீர்கள், அவரே முன்கூட்டி ஒப்புக்கொண்டிருந்தாலொழிய. பெயரை எப்படி உச்சரிப்பது என்று வீட்டாரிடம் கேட்டு, அட்டையில் அசை பிரித்து எழுதிவையுங்கள். நம் ஊர்ப் பெயர்கள் ஒலிபெருக்கியில் படும் பாடு தெரிந்ததுதானே. ஓராண்டு உழைத்தவருக்கு அந்த மரியாதையாவது முழுசாகக் கிடைக்கட்டும்.

படி 5: கேடயமும் பரிசும்

8×10 அங்குல மரப்பலகை, அதில் பித்தளைத் தகடு, ஆறு வரிக்குள் வாசகம். ஏழாவது வரி வந்தால் எழுத்து சிறுத்து மூன்றடி தள்ளி நின்று படிக்க முடியாது. எல்க்ஸ் சின்னம் பதிவு செய்யப்பட்டது என்பதால் அதைப் பொறிக்க அனுமதியுள்ள கடையிலேயே கொடுங்கள். அச்சுக்கு முன் கடை அனுப்பும் மாதிரியை இருவர் தனித்தனியே சரிபார்க்கவேண்டும். அடிக்கடி தவறுவது மூன்று: பெயரின் நடு எழுத்து, லாட்ஜ் எண், ஆண்டு. ஆண்டை 2025–26 என்று இரட்டையாகப் போடுவதே லாட்ஜ் கணக்குக்குப் பொருந்தும்.

பணமும் கிஃப்ட் கார்டும் வேண்டாம். இரண்டுமே பெறுபவரின் வருமானமாகக் கணக்கில் வரும். தவிர, 1997-ன் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம் தரும் பொறுப்பு விலக்கு, ஊதியத்துக்குப் பதிலாக ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் மதிப்புள்ள எதையும் வாங்காதவர்களுக்குத்தான். சட்டைப் பின், சான்றிதழ், பெயர் தைத்த ஏப்ரன், ஒரு வேளை விருந்து ஆகியவற்றில் சிக்கல் இல்லை.

படி 6: விழா மாலை

உறுப்பினர்களுக்கு மட்டுமான கூட்டத்துக்கு நடுவில் விருது வைக்காதீர்கள். குடும்பத்தார் உள்ளே வர முடியாது. சமூகக் கூடத்தில் வையுங்கள். ஆறு மணிக்கு வரவேற்பு, ஆறே முக்காலுக்குச் சாப்பாடு, ஏழரைக்கு நிகழ்ச்சி. விருதுக்கு ஐந்து நிமிடம் வீதம் எட்டு விருதென்றால் நாற்பது நிமிடம். அதற்கு மேல் போனால் பின்வரிசை பாருக்கு நகர்ந்துவிடும். இரவு 11 மணிவரை கூட்டம் இருந்தால் விளக்கைக் குறைத்து, மறைந்த உறுப்பினர்களை நினைவுகூரும் பதினோரு மணி வாழ்த்துரைக்கு இடம் விடுங்கள்.

விருது பெறுபவருக்கும் குடும்பத்துக்கும் சாப்பாட்டுச் சீட்டு வாங்கச் சொல்லாதீர்கள். முக்கியமாக, அன்றைய சமையலிலும் பரிமாறலிலும் அவர் இருக்கக்கூடாது. அவர் எப்படியும் உதவ எழுந்துவிடுவார். மாற்று ஆளை முன்பே ஏற்பாடுசெய்து, நடைபாதை ஓரமாக முன்வரிசையில் உட்காரவையுங்கள். மூட்டுவலிக்காரராக இருந்தால் மேடை ஏறச் சொல்லாமல் கேடயத்தைக் கீழே கொண்டுவாருங்கள். ஏற்புரையை யார் மீதும் திணிக்கவேண்டாம்.

புகைப்படத்துக்குக் கேடயத்தை மார்பளவில் பிடித்து, மேல்விளிம்பைச் சற்று முன்னால் சாய்த்தால் ஃபிளாஷ் வெளிச்சம் தகட்டில் அடிக்காது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர் படத்தில் இருந்தால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்கிய பிறகே செய்திமடலில் போடுங்கள்.

படி 7: விழா முடிந்தபின்

ஒரு வாரத்துக்குள் மூன்று வேலை. படித்த பாராட்டுரையின் பிரதியும் ஒரு படமும் குடும்பத்துக்கு அஞ்சலில் போகவேண்டும். உள்ளூர் வார இதழுக்கு நூறு வார்த்தையில் செய்தி போகவேண்டும். கூடத்தில் மாட்டியிருக்கும் நிரந்தரப் பலகையில் பெயர்த்தகடு ஏறவேண்டும். தகட்டைக் கேடயத்தோடு சேர்த்தே ஆர்டர் செய்திருந்தால் இது அன்றிரவே முடிந்துவிடும். தேர்வாகாத பரிந்துரைகளை ஒரு கோப்பில் வைத்து, அடுத்த கமிட்டியிடம் கையோடு கொடுத்துவிடுங்கள். கூடவே ஏப்ரல் 1-க்கான புதிய பதிவுத் தாள்களையும், முதல் நிகழ்ச்சிக்குக் குறிப்பாளர் யார் என்ற பெயரையும்.