அவன் கைவிட்ட நாளில் ஒரு ரோஸ்ட் விருந்து

விருந்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அக்காவைப் போனில் கூப்பிட்டு, “அக்கா, அவன் வேலை செய்யல. நாளைக்கு ஆறு பேர் சாப்பிட வர்றாங்க” என்று அழாத குறையாகச் சொன்னேன். “அவன் என்னைக்குடி வேலை செஞ்சிருக்கான்? நீயே செஞ்சுக்கோ” என்றாள். தம்பியைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அதனால் இங்கே ‘ஓவன்’ என்றே எழுதுகிறேன்.

அன்றைக்குக் கைவசம் இருந்தது ஃபிரிட்ஜில் 1.8 கிலோவில் தோலோடு ஒரு முழுக்கோழி, கூடையில் ஒன்றரை கிலோ உருளைக்கிழங்கு, மேடையில் மூன்று பர்னர் அடுப்பு. விருந்து நடந்தது. கோழித் தோல் ஓவனில் வந்ததைவிட மொறுமொறுப்பாக வந்தது. ஓவன் சரியான பிறகும் இரண்டு தடவை வேண்டுமென்றே அடுப்பில்தான் செய்திருக்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. மின்சார ஓவனில் பெரும்பாலும் கீழே ஒரு ஹீட்டிங் கம்பி, மேலே கிரில்லுக்கு ஒரு கம்பி இருக்கும். கீழ்க்கம்பி போனாலும் மேல்கம்பி உயிரோடு இருக்கலாம். கிரில்லில் போட்டுப் பாருங்கள். அது சிவந்தால், கடைசியில் தோலை மொறுமொறுப்பாக்க அதுவே போதும். ஆனால் கம்பி வெடித்தோ கொப்பளித்தோ இருந்தால் அந்த ஆசையை விட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எனக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

ஓவன் அப்படி என்னதான் செய்கிறது? யோசித்துப் பார்த்தால் மூன்று வேலை. உள்ளே வேகவைக்கிறது, வெளியே சிவக்க வைக்கிறது, ஆறாமல் வைத்திருக்கிறது. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்வதால் நாம் கதவை மூடிவிட்டுக் குளிக்கப் போக முடிகிறது. அடுப்பிலும் இந்த மூன்றும் நடக்கும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, நாம் பக்கத்தில் நின்றால்தான் நடக்கும். ஆகவே கடினமானது சமையல் இல்லை, வரிசைதான். ரோஸ்ட் என்றால் ஓவன் என்பதே பிற்காலப் பழக்கம். முன்பெல்லாம் கம்பியில் கோத்து நெருப்பின் எதிரே சுழற்றுவதுதான் ரோஸ்ட். பிரிட்டனில் அந்தக் கம்பியைச் சுற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் நாய் ஓடும், கறி சுழலும். நம்மிடம் அந்த நாய்கூட இல்லை, தம்பிதான் இருக்கிறான். அவனுக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை கொடுத்தேன்.

முழுக்கோழியை அப்படியே கனமான சட்டியில் வைத்து மூடிப் பார்க்கலாமே என்று தோன்றும். நானும் ஒருமுறை செய்தேன். கறி பஞ்சு மாதிரி வெந்தது, தோல் நனைந்த ரப்பர் மாதிரி இருந்தது. காரணம் எளிது. மூடினால் உள்ளே நீராவி, நீராவி இருக்கும்வரை தோலின் மேல் 100 டிகிரிதான். கறி சிவந்து மணக்கிற அந்த வினை சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் வேகம் பிடிக்கும். 1912-இல் அதை விவரித்த லூயி கமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரிலேயே அதை மயார் வினை என்கிறார்கள். தோல் காய்ந்திருக்க வேண்டும், சூடான இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். உருண்டையான கோழி சட்டியை எத்தனை இடத்தில் தொடும்? அதனால் கோழியை வெட்டுங்கள். மேசையில் எப்படியும் வெட்டித்தான் பரிமாறப் போகிறோம்.

வெட்டுவதில் மட்டும் பொறுமை வேண்டும். தொடையை வெளிப்பக்கமாக மடக்கினால் மூட்டு ‘டக்’கென்று கழன்று வரும், அந்த இடத்தில் கத்தியை விடுங்கள். தொடையும் காலும் சேர்ந்த முழு லெக் பீஸ் இரண்டு. சமையலறைக் கத்தரிக்கோலால் முதுகெலும்பின் இரு பக்கமும் விலா வழியாக வெட்டி முதுகைத் தனியே எடுங்கள். நெஞ்செலும்பை நடுவில் பிளந்தால், எலும்போடும் இறக்கையோடும் நெஞ்சுக்கறி இரண்டு துண்டு. இறக்கை நுனி, முதுகு, கழுத்து மூன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கிரேவியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம், தெறிக்கிற தண்ணீரோடு கிருமிதான் மேடை முழுக்கப் பரவும். டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்தால் போதும்.

1.8 கிலோவுக்குத் தூள் உப்பு 18 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டி. எல்லாப் பக்கமும் தடவி, தோல் மேலே இருக்கும்படி தட்டில் பரப்பி, மூடாமல் ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் இரவு முழுக்க வைத்தேன். உப்பு உள்ளே இறங்கும், தோல் காகிதம் போலக் காயும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

அதே இரவில் இன்னும் மூன்று வேலைகளை முடித்துக்கொண்டேன்.

ஒன்று, ஸ்டாக், அதாவது எலும்புச் சாறு. முதுகையும் கழுத்தையும் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வறுத்து, பாதி வெங்காயம், ஒரு கேரட், ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் சேர்த்து இரண்டு மணி நேரம் சிம்மில் விட்டு வடிகட்டினால் முக்கால் லிட்டர் கிடைக்கும். இரண்டு, வழக்கமாகக் கோழிக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவையான ஸ்டஃபிங்குக்கு 250 கிராம் ரொட்டியைப் பிய்த்துப் பரப்பிக் காயவிடுவது. மூன்று, உருளைக்கிழங்கு. தம்பி உரித்ததைப் பெரிய துண்டுகளாக வெட்டி, இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டுக் கொதித்தபின் பத்து நிமிடம் வேகவைத்தேன். சோடா கிழங்கின் வெளிப்பக்கத்தைக் குழையச் செய்யும். வடித்து, ஆவி போனதும் மூடிபோட்டு நாலு குலுக்குக் குலுக்கினால் விளிம்பெல்லாம் சொரசொரப்பாகி மாவு பூசினாற்போல் ஆகும். பிறகு வாணலியில் மொறுமொறுப்பாகப் போவது அந்தச் சொரசொரப்புதான். ஆறியதும் திறந்தபடியே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம்.

மறுநாள் சாப்பாடு 1 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். நான் கதவில் ஒட்டிய தாளில் இருந்தது இதுதான்: 11 மணிக்கு ஸ்டஃபிங், 11.35-க்கு லெக் பீஸ், 11.50-க்கு நெஞ்சுக்கறி, 12.25-க்குக் கிழங்கு, 12.30-க்குக் கேரட், 12.40-க்குக் கிரேவி.

ஸ்டஃபிங்கைக் கோழிக்குள் அடைக்கும் பேச்சே இல்லை, அடைக்க உள்ளே இடமும் இல்லை. இரண்டு வெங்காயம், மூன்று செலரித் தண்டு, கொஞ்சம் தைம் ஆகியவற்றை 60 கிராம் வெண்ணெயில் வதக்கி, காய்ந்த ரொட்டி, ஒரு முட்டை, கால் லிட்டர் ஸ்டாக், உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்து, வெண்ணெய் தடவிய சிறிய வாணலியில் அழுத்திப் பரப்பினேன். மூடி, சிம்மில் 12 நிமிடம். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, வாணலியைத் தலைகீழாக்கி, திரும்பவும் வாணலிக்குள் சறுக்கிவிட்டு இன்னும் 8 நிமிடம். முதல் தடவை திருப்பும்போது மூன்றாக உடைந்தது. துண்டு போட்டுப் பரிமாறும்போது யாருக்கும் தெரியவில்லை.

இதை ஆறாமல் வைப்பது எப்படி? ஐஸ் பெட்டி! குளிரை உள்ளே வைத்திருக்கும் பெட்டி சூட்டையும் வைத்திருக்கும். கொதிக்கிற தண்ணீரைப் பாதி ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வைத்து, கொட்டிவிட்டுத் துடைத்து, அலுமினியத் தாளில் சுற்றிய ஸ்டஃபிங்கைப் பழைய துண்டின் மேல் வையுங்கள். 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்தபோதும் கை வைக்க முடியவில்லை.

இனி கோழி. அடிகனமான வார்ப்பிரும்பு வாணலி இரண்டு இருந்தால் நல்லது. நான்ஸ்டிக் என்றால் வெறுமனே காயவிடாதீர்கள். லெக் பீஸைத் தோல் அடியில் படும்படி, காயாத வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோடு வைத்து, அப்புறம்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். காய்ந்த சட்டியில் போட்டால் தோல் சுருண்டுவிடும். மெல்லச் சூடேறினால் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு உருகி வழியும், தோல் தன் கொழுப்பிலேயே பொரியும். முதல் எட்டு நிமிடம் மேலே அலுமினியத் தாள் சுற்றிய இன்னொரு கனமான பாத்திரத்தை ஏற்றி வைத்தேன். தீ நடுத்தரத்துக்கும் சற்றுக் கீழே. கேட்கிற சத்தம் மழைத் தூறல் மாதிரி இருக்க வேண்டும். படபடவென்று வெடித்தால் தீ அதிகம்.

25 நிமிடம் கழித்துத் திருப்பினேன். தோல் தானாகவே வாணலியை விட்டு எழும்பி வரும். ஒட்டிக்கொண்டு வந்தால் அது இன்னும் தயாரில்லை, பிடுங்காதீர்கள். திருப்பியபின் ஒரு கால் மணி நேரம், மூடியை முக்கால்வாசி மட்டும் மூடி. நெஞ்சுக்கறிக்கு இரண்டாவது வாணலியில் அதே முறை, தோல் பக்கம் 20 நிமிடம், மறுபக்கம் 12. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கொழுப்புப் புகை வரும்.

நேரத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பார்த்தால் 74 டிகிரி இருக்க வேண்டும். நெஞ்சுக்கறியை அங்கேயே இறக்கிவிடலாம், அதற்கு மேல் விட்டால் காய்ந்துபோகும். லெக் பீஸ் 80-ஐத் தாண்டினால்தான் எனக்குப் பிடிக்கும், எலும்பருகே இருக்கும் ஜவ்வு இளகி வரும். இறக்கியதைக் கம்பித் தட்டில், தோல் மேலே, மூடாமல் வையுங்கள். மூடினால் மறுபடியும் நீராவி, மறுபடியும் ரப்பர்.

லெக் பீஸ் வாணலியில் இப்போது கொழுப்புக் குளம். கிழங்குக்கு அதைவிடப் பொருத்தமானது எது? குறைவாக இருந்தால் எண்ணெய் சேர்த்து, கிழங்கை நெருக்காமல் ஒரே அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு முகமும் சிவக்கும்வரை காத்திருந்து திருப்ப வேண்டும். 25 நிமிடம் ஆகும். சும்மா சும்மா கிளறினால் சொரசொரப்பு உதிர்ந்து மசியல்தான் மிஞ்சும். ஒன்றரை கிலோ ஒரே வாணலியில் அடங்கவில்லை. மீதியைக் கேரட் முடிந்த அடுப்பில், ஸ்டஃபிங் செய்த வாணலியில் போட்டேன், அது சாப்பாட்டின் நடுவில்தான் மேசைக்கு வந்தது. அதுதான் முதலில் தீர்ந்தது.

கேரட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்ணெய், உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, கால் டம்ளர் தண்ணீர், மூடி 8 நிமிடம், திறந்து தண்ணீர் வற்றும்வரை.

கிரேவியை நெஞ்சுக்கறி வாணலியில் செய்யுங்கள். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டாம், சுவை அதில்தான். இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் விட்டு, அதே அளவு மைதாவைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, சூடான ஸ்டாக் அரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே கிளறினால் ஐந்து நிமிடத்தில் தயார். பழுப்பு கருகியிருந்தால் மட்டும் அந்த வாணலி வேண்டாம், கசக்கும். கிழங்கை எடுத்த வாணலியில் கடைசியாகக் கோழியைத் தோல் கீழே படும்படி இரண்டு நிமிடம் காட்டினால் சூடும் மொறுமொறுப்பும் திரும்பிவிடும்.

வெட்டாத முழுக்கோழிதான் வேண்டும் என்பவர்கள் மூடி போட்ட கரி கிரில்லை வைத்திருந்தால் அதில் செய்யலாம். கனலை இரண்டு ஓரத்துக்கும் ஒதுக்கி, நடுவில் கொழுப்பு வடியத் தட்டு வைத்து, அதற்கு நேர் மேலே கோழி. மூடியில் 180 டிகிரி நின்றால் ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டி வெந்துவிடும். வெளியில் மட்டும்தான். கரியை வீட்டுக்குள்ளோ கராஜிலோ மூட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பிரஷர் குக்கரில் உப்பைக் கொட்டி, கேஸ்கெட்டைக் கழற்றி ஓவனாக்கும் வித்தையும் எனக்குத் தெரியும். கேக்குக்குச் சரி, கோழிக்கு அந்தச் சூடு போதாது. தண்ணீரில்லாமல் காய்ந்து குக்கரின் அடியும் பாழாகும். என் குக்கர் ஒன்று அப்படித்தான் போனது.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள். கிழங்கு மிஞ்சாது.