பழைய சின்க்ரோ வேனில் சி.வி. ஜாயிண்ட், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாற்றும் முறை

ஃபோக்ஸ்வாகன் டி3 வேனின் நான்கு சக்கர இழுவை வகைதான் சின்க்ரோ. 1985 முதல் 1992 வரை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-பூக் நிறுவனம் இதைத் தயாரித்தது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு சின்க்ரோவும் முப்பது வயதைத் தாண்டியது. அடியில் தொங்கும் ஷாஃப்டுகளும் ஜாயிண்டுகளும் ஒருமுறையாவது மாற்றப்பட்டிருக்கும், அல்லது மாற்றும் நேரம் வந்திருக்கும்.

என்ஜின் பின்னால் இருக்கிறது. பின்சக்கரங்களுக்கு இழுவை எப்போதும் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து ஒரு நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் முன் டிஃபரன்ஷியலுக்கு (இரு முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் கியர் பெட்டி) போகிறது. அந்த டிஃபரன்ஷியலுக்குள்தான் விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது: சிலிகான் திரவத்தில் மூழ்கிய மெல்லிய தட்டுகள் அடுக்கப்பட்ட, மூடி முத்திரையிட்ட டப்பா. பின்சக்கரம் வழுக்கி வேகம் கூடினால் திரவம் தட்டுகளைச் சேர்த்துப் பிடித்து முன்சக்கரத்தையும் இழுக்க வைக்கும்.

வயதான கப்ளிங் பெரும்பாலும் இறுகிப்போகும். வளைவில் முன், பின் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்றியாக வேண்டும். இறுகிய கப்ளிங் அதற்கு இடம் கொடுக்காது. அந்த முறுக்கு முழுவதும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ்களிலும் (ஷாஃப்ட் மடங்க இடம் தரும் கூட்டல் குறி வடிவ மூட்டுகள்), சி.வி. ஜாயிண்டுகளிலும் (சக்கர ஷாஃப்ட் சாய்ந்திருந்தாலும் சீராகச் சுற்ற வைக்கும் குண்டு மூட்டுகள்), கடைசியில் கியர்பாக்ஸிலும் இறங்கும். கப்ளிங்கைப் பார்க்காமல் ஜாயிண்டை மட்டும் மாற்றினால் புது ஜாயிண்டும் அதே வழியில்தான் போகும். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன் இரண்டு சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

முதலில் டயர். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று நேராக உருட்டி, தரையில் கடந்த தூரத்தை டேப்பால் அளக்கலாம். முன்னும் பின்னும் வேறுபட்டால், நேர்ச்சாலையில்கூட கப்ளிங் ஓய்வில்லாமல் வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கிப் போடுவது இந்த வண்டிக்கு ஆகாது.

அடுத்து கப்ளிங். கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, காய்ந்த சமதளத் தார்ச்சாலையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் மெதுவாக நகரவிடுங்கள். லேசான பிடிப்பு இயல்புதான். ஹேண்ட்பிரேக் பாதி போட்டதுபோல வண்டி திணறினாலோ, டயர் கீச்சிட்டாலோ கப்ளிங் இறுகிவிட்டது. சந்தேகம் இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு அதே வட்டத்தை மறுபடி சுற்றிப் பாருங்கள். திணறல் போய்விட்டால் காரணம் உறுதி. கப்ளிங்கைப் பிரித்துப் பழுது பார்ப்பது வீட்டு வேலை அல்ல. முன் டிஃபரன்ஷியலை இறக்கி, இதில் பழக்கமுள்ள பட்டறையில் கொடுக்க வேண்டும். அதுவரை ஷாஃப்ட் இல்லாமல் பின்சக்கர இழுவையில் மட்டும் ஓட்டலாம். இறுகிய கப்ளிங்கோடு ஓட்டிக் கியர்பாக்ஸைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன், இரு முனை ஃபிளாஞ்சுகளிலும் (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடுகள்) பெயிண்டால் குறி வையுங்கள். திரும்ப மாட்டும்போது அதே நிலையில் உட்காராவிட்டால் புதிதாக ஓர் அதிர்வு கிளம்பலாம். கையில் எடுத்ததும் கிராஸ்களை எல்லாத் திசையிலும் மடக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலும் போனதுதான். ஒரு திசையில் மட்டும் கரடுமுரடாகத் தடுக்கினாலும் போனதுதான். இரண்டாவது வகைதான் பலர் கண்ணுக்குத் தப்பும். கையால் ஆட்டினால் ஆட்டமே தெரியாது, ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் தரை அதிரும். கிராஸ் மாற்றிய ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

இனி பின்பக்க சி.வி. ஜாயிண்டுகள். ஒவ்வொரு பின் ஷாஃப்டிலும் இரண்டு, ஆக நான்கு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி விடும்போது 'டக்' என்ற அடி, இழுவையில் தொடர்ந்து 'டிக் டிக்' சத்தம், கிழிந்த ரப்பர் பூட் (ஜாயிண்டை மூடும் உறை), சக்கரத்தின் உட்புறம் தெறித்த கிரீஸ் ஆகியவை அடையாளங்கள்.

முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டியிருக்கும்போது பின்பக்கத்தை மட்டும் தூக்கி, கியர் போட்டு என்ஜினை ஓட்டாதீர்கள். முன்சக்கரம் இழுத்து வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கிவிடும்.

ஒரு ஷாஃப்டுக்கு 12 போல்ட், முனைக்கு ஆறு. 8 மி.மீ. போல்ட்; தலையில் பன்னிரண்டு முனைக் குழி இருக்கும். முன்பு யாராவது மாற்றியிருந்தால் ஆலன் தலையாகவும் இருக்கலாம், பார்த்துவிட்டு பிட்டை எடுங்கள். குழிக்குள் பல வருட மண்ணும் கிரீஸும் இறுகிக் கிடக்கும். கூரான கம்பியால் முழுவதும் சுரண்டி, பிரேக் கிளீனர் அடித்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகே திருக வேண்டும். இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் போல்ட் தலை வழுக்கி உருண்டையாகிவிடும். பிறகு உளி வைத்து வெட்டி எடுக்க அரை நாள் போகும். ஹேண்ட்பிரேக் போட்டு எட்டுகிற போல்ட்டுகளைத் தளர்த்தி, விடுவித்துச் சக்கரத்தைச் சுற்றி, அடுத்தவற்றுக்குப் போங்கள். இரண்டிரண்டு போல்ட்டுகளை இணைக்கும் தகடுகளைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஷாஃப்டை மேசைக்குக் கொண்டுவந்து, பூட்டின் உலோக மூடியைத் தட்டி விலக்கி, சர்க்ளிப்பை (ஜாயிண்டை ஷாஃப்டில் பூட்டி வைக்கும் கம்பி வளையம்) எடுங்கள். ஜாயிண்டின் உள்வளையத்துக்கு அடியில் தாங்கல் கொடுத்து ஷாஃப்டை அழுத்தி இறக்க வேண்டும். வெளிவளையத்தில் தாங்கி அடித்தால் குண்டுகளும் அவற்றைப் பிடித்து வைக்கும் கூண்டும் அடி வாங்கும். உள்ளே குழிந்த வாஷர் ஒன்று இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று முதலிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

பழைய ஜாயிண்டைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளப்பாக இருந்தால் பரவாயில்லை. நகத்தால் வருடும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அது தூக்கிப் போட வேண்டியது. ஓரளவு நல்ல ஜாயிண்டாக இருந்தால், இடது ஷாஃப்டை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டலாம். வெளிமுனை வெளிமுனையாகவே இருக்கட்டும். சுமை தேயாத பக்கத்துக்கு மாறுவதால் இன்னும் சில காலம் ஓடும். அதற்கு முன் இரண்டின் நீளமும் ஒன்றா என்று அளந்துகொள்ளுங்கள்.

ஒரு ஜாயிண்டின் ஆறு குண்டு, கூண்டு, வளையங்கள் எல்லாம் ஒரே செட். இன்னொன்றோடு கலக்கக் கூடாது. பிரித்துச் சேர்க்கும்போது, வெளிவளையத்தில் இரு தடங்களுக்கு நடுவே அகலமாக உள்ள பகுதிக்கு நேரே உள்வளையத்தின் குறுகலான பகுதி வர வேண்டும். தவறினால் ஜாயிண்ட் பூட்டிக்கொள்ளும். சரியாகச் சேர்ந்தது கையாலேயே முழு நீளத்துக்கும் நழுவி ஓடும்.

கிரீஸ் மாலிப்டினம் கலந்த சி.வி. கிரீஸாக இருக்க வேண்டும், ஜாயிண்டுக்கு 90 கிராம். சக்கர பேரிங் கிரீஸ் இதற்கு ஆகாது. குண்டுகளுக்கு நடுவே விரலால் அழுத்தி நிரப்பி, மீதியைப் பூட் பக்கம் வையுங்கள். ஃபிளாஞ்ச் முகத்திலும் போல்ட் துளைகளிலும் ஒரு பொட்டு கிரீஸ்கூட இருக்கக் கூடாது. மாட்டிய சில வாரங்களில் போல்ட் தளர்ந்து ஷாஃப்ட் நடுவழியில் கழன்று விழுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கிரீஸ்தான். துளைகளை பிரேக் கிளீனரால் கழுவிக் காயவிட்டு, போல்ட்டுகளை எதிரெதிராக டார்க் ரெஞ்சில் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர்) 45 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். தலை தேய்ந்த போல்ட்டை மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள்.

அடியில் இருக்கும்போதே கியர் ஆயிலையும் பார்த்துவிடலாம். 17 மி.மீ. ஆலன் சாவி வேண்டும். எப்போதும் நிரப்பும் பிளக்கை முதலில் திறங்கள். அது திறக்காமல் கீழே வடித்துவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். பிளக்கில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணம். உலோகச் சில்லுகள் வந்தால் கியர்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும்.

வண்டியை இறக்கி 50 கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லா சி.வி. போல்ட்டுகளையும் மறுபடி 45-க்கு முறுக்கிப் பாருங்கள். ஏதாவது ஒன்று நகர்ந்தால், அடுத்த 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை.