ஊரெல்லாம் டுவோராக்: ஒரே செக் குடும்பப்பெயர்க்காரர்களைப் பிரித்தெடுப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் புயல் அறிக்கையைத் திறந்து பார்ப்பவர்களுக்கு ‘டி 2.5’ என்பது போன்ற எண் பழகியிருக்கும். அது செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துப் புயலின் வலிமையை மதிப்பிடும் டுவோராக் முறைப்படி போடும் எண். அந்தப் பெயரை முதலில் பார்த்தபோது, சிம்பொனி எழுதிய டுவோராக்குக்கும் வங்கக்கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழித்தேன். ஒரு சம்பந்தமும் இல்லை, புயல் டுவோராக் வேறு ஆள். தட்டச்சுப் பலகை டுவோராக் மூன்றாவது ஆள். இப்படி ஒரு செக் பெயரில் பலர் வந்து நின்றால் எப்படிப் பிரிப்பது என்று இந்த ஒரு பெயரையே வைத்துப் பார்ப்போம்.

படி 1: எழுத்தின் தலையைப் பாருங்கள்

செக் மொழியில் எழுதும்போது இந்தப் பெயரின் ‘ஆர்’ மேல் ஒரு குட்டிக் கொக்கி இருக்கும், ஹாச்செக் என்பார்கள். ‘ஏ’ மேல் ஒரு சாய்கோடு, அது நெடிலுக்கு அடையாளம். கொக்கி போட்ட ‘ஆர்’ கொஞ்சம் படுத்தும்: நாக்கை ‘ர’வுக்கு உருட்டிக்கொண்டே ‘ஷ’வையும் கலக்க வேண்டும், செக் குழந்தைகளுக்கே இது கடைசியில்தான் வாய்க்கும். தமிழில் ‘ட்வோர்ஷாக்’ என்றால் ஓரளவு கிட்டே வரலாம். செக் நாட்டுக்காரரை ட்வோர்ஷாக் என்றும், கொக்கியைத் தொலைத்த அமெரிக்கரை டுவோராக் என்றும் எழுதிப் பழகுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே போய்விடும்.

படி 2: பொருளைத் தெரிந்துகொள்ளுங்கள், உறவு கட்டாதீர்கள்

‘ட்வூர்’ என்றால் முற்றம், பண்ணை மாளிகை, அரசவை. அதை ஒட்டி வாழ்ந்தவருக்கு வந்த பெயர் இது. எல்லா ஊரிலும் பண்ணை இருந்ததால் எல்லா ஊரிலும் இந்தப் பெயரும் இருக்கிறது, அதனால் இரண்டு பேருக்கு ஒரே பெயர் என்பதை வைத்து அண்ணன் தம்பி ஆக்கிவிட முடியாது.

படி 3: வாலை வெட்டுங்கள்

கண்ணன், கண்ணனை, கண்ணனோடு என்று நாம் வேற்றுமை உருபு சேர்ப்பது மாதிரியே செக்கிலும் பெயரின் முடிவு மாறும். ட்வோர்ஷாகா, ட்வோர்ஷாகெம் என்று எங்காவது பார்த்தால் புது ஆள் என்று நினைக்க வேண்டாம். செக் தலைநகர் பிராகாவில் வல்தாவா ஆற்றங்கரைச் சாலை ஒன்று ‘ட்வோர்ஷாகோவோ’ என்று தொடங்கும், சிம்பொனி எழுதிய இசையமைப்பாளர் அந்தோனின் ட்வோர்ஷாக்கின் பெயர்தான் அது. பெண்களுக்கு ‘ஓவா’ சேரும்: அவருடைய மகள் ஓதிலியே ட்வோர்ஷாகோவா, பிறகு இசையமைப்பாளர் யோசெஃப் சூக்கை மணந்தவர். 2022 முதல் ‘ஓவா’ வேண்டாம் என்று எந்தப் பெண்ணும் சொல்லிக்கொள்ளலாம், ஆகவே வால் இல்லை என்றால் ஆண்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

படி 4: கடல் தாண்டினாரா?

இதுதான் முக்கியம். அந்தோனின் ட்வோர்ஷாக் (1841–1904) நெலாஹொஸெவெஸ் என்ற ஊரில் ஒரு கசாப்புக்காரரின் மகன். 1892 முதல் 1895 வரை நியூயார்க்கில் இசைப்பள்ளி ஒன்றின் இயக்குநர், 1893 கோடையை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் செக் குடியேறிகளின் ஸ்பில்வில் ஊரில் கழித்தார், அப்புறம் ஊர் திரும்பிவிட்டார். அப்படித் திரும்பாமல் அங்கேயே தங்கிய செக் குடும்பங்கள் ஏராளம், அவர்களோடு போன பெயர்தான் கொக்கியை இழந்தது.

அமெரிக்கர் ஆகஸ்ட் டுவோராக் கல்வி உளவியல் பேராசிரியர். மைத்துனர் வில்லியம் டீலியுடன் சேர்ந்து 1936இல் தட்டச்சு வரிசைக்குக் காப்புரிமை வாங்கினார், உயிரெழுத்துகள் மொத்தமும் இடது கையின் நடுவரிசையில் இருக்கும். (நான்கு நாள் முயன்றேன். ஐந்தாம் நாள் என் கடவுச்சொல்லே எனக்கு அடிக்க வரவில்லை.) வெர்னன் டுவோராக் வானிலையாளர், 1970களில் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருளும் விதத்தைப் பார்த்தே புயலின் வலிமையை 1 முதல் 8 வரை மதிப்பிட வழி சொன்னவர். வங்கக்கடலில் புயலுக்குள் விமானம் அனுப்பி அளப்பது வழக்கமில்லை என்பதால் அந்த முறை இங்கே ரொம்பவே கைகொடுக்கிறது. 1.5 என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 2 என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 வந்தால் புயல்.

நடிகை ஆன் டுவோராக் தனி ரகம். பிறந்தபோது அன்னா மெக்கிம், இந்தப் பெயர் திரைக்காக வைத்துக்கொண்டது. அதிலும் முதல் ‘ட்’டை விழுங்கிவிட்டு ‘வோர்ஷாக்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்பார்!

படி 5: முதல் பெயரும் ஒன்றே என்றால்

தொழிலையும் பிறந்த ஆண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். டோமாஷ் ட்வோர்ஷாக் (1972) டெகாத்லான் (பத்துவகைத் தடகளப் போட்டி) வீரர், 1997, 1999, 2001 என மூன்று முறை உலக சாம்பியன், 1999இல் பிராகாவில் 8,994 புள்ளிகளுடன் உலக சாதனை. இன்னொரு டோமாஷ் ட்வோர்ஷாக் (1978) ‘ஃப்ளோயெக்ஸ்’ என்ற பெயரில் மெஷினேரியம் வீடியோ கேமுக்கு இசை போட்டவர்.

படி 6: அகரவரிசை

செக்கில் கொக்கி போட்ட ‘ஆர்’ தனி எழுத்து, சாதா ‘ஆர்’ முடிந்த பிறகுதான் வரும். அதனால் சாதா ‘ஆர்’ உள்ள ட்வோர்ஸ்கி என்ற பெயர் முன்னால், ட்வோர்ஷாக் பின்னால். ஆங்கில வரிசையில் தலைகீழ். செக் அட்டவணை ஒன்றில் ட்வோர்ஷாக்கைத் தேடி, இருக்க வேண்டிய இடத்தில் காணோம் என்றால், ட்வோர்ஸ்கியைத் தாண்டிக் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள்.