வேலூர் வெயிலைத் தாங்கும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரை நீங்களே சுற்றலாம்

மலிவு டிரான்ஸ்பார்மரில் இரும்பையும் செம்பையும் மிச்சம் பிடித்திருப்பார்கள். மார்கழியில் அது எப்படியோ ஓடிவிடும். கத்திரியில், வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்போது, தகரப் பெட்டிக்குள் கிடக்கிற காயில் கருகத்தான் செய்யும். அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் பம்ப்செட் லைனில் வீடு என்றால் இன்னொரு தலைவலி: மோட்டார்களெல்லாம் நின்ற பிறகு ராத்திரியில் வோல்டேஜ் ஏறும், அப்போது கோர், அதாவது காயிலுக்குள் செருகிய இரும்புத் தகடு அடுக்கு, திணறி உறுமும். அதனால் கணக்கைக் கொஞ்சம் தாராளமாகப் போடுவோம்.

நமக்கு வேண்டியது 12 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 24 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்). இழப்பையும் சேர்த்தால் உள்ளே போவது சுமார் 28. இதன் வர்க்கமூலத்தை 1.15ஆல் பெருக்கினால் கோரின் குறுக்குப்பரப்பு 6 சதுர செ.மீ. வரும். நான் 15-ஆம் நம்பர் ஸ்டாம்பிங் தகட்டை, அதாவது நடு நாக்கு ஒரு அங்குலம் இருப்பதை, ஒன்றேகால் அங்குலம் அடுக்கச் சொல்வேன். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைக் கழித்தாலும் 7.2 நிற்கும்.

ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று? 50 ஹெர்ட்ஸுக்கு, கோரில் காந்தச் செறிவு ஒரு டெஸ்லா என்று வைத்தால், 45ஐ இந்தப் பரப்பால் வகுத்தால் போதும்: 6.2. நல்ல சி.ஆர்.ஜி.ஓ. தகடு (டிரான்ஸ்பார்மருக்கான உயர்தர சிலிக்கான் எஃகு) இதைவிட அதிகம் தாங்கும்தான், ஆனால் பழைய ஸ்டெபிலைசரிலிருந்து கழற்றிய தகடு எந்த ஜாதி என்று யாருக்குத் தெரியும்? பிரைமரி, அதாவது 230 வோல்ட் கொடுக்கும் பக்கம், 230 × 6.2 = 1426 சுற்று. செகண்டரி, அதாவது 12 வோல்ட் வரும் பக்கம், கணக்குப்படி 74 வரும், லோடில் வோல்டேஜ் இறங்கும் என்பதால் 8 சதவீதம் கூட்டி 80 சுற்றுங்கள்.

கம்பிக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 2.5 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டாம். பிரைமரிக்கு 33 கேஜ், செகண்டரிக்கு 19 கேஜ். ரீவைண்டிங் கடையில் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் 100 கிராம்தான் பிடிக்கும், சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட வாங்குங்கள்.

சுற்றும்போது பொறுமைதான் முக்கியம். பிரைமரி உள்ளே, செகண்டரி வெளியே. ஒவ்வொரு அடுக்குக்கும் மெல்லிய கிராஃப்ட் பேப்பர். அதை பாபினைவிட (கம்பி சுற்றும் சட்டம்) இரண்டு பக்கமும் மூன்று மி.மீ. அகலமாக வெட்டி, ஓரத்தில் கத்தரியால் நுணுக்கி விட்டால் சுவரோரமாக மடிந்து உட்காரும். இதைச் செய்யாவிட்டால் கடைசிச் சுற்று ஓரத்தில் நழுவிக் கீழ் அடுக்கில் போய் விழும், பிற்பாடு ஷார்ட் ஆவது பெரும்பாலும் அங்கேதான். பிரைமரி முடிந்ததும் லெதராய்டு என்கிற தடித்த இன்சுலேஷன் பேப்பர் இரண்டு மூன்று சுற்று, கஞ்சத்தனம் கூடாது, உயிர் அதில்தான் இருக்கிறது. வெளியே வரும் கம்பி முனைகளுக்கெல்லாம் எம்பயர் ஸ்லீவ் என்கிற இன்சுலேஷன் குழாய்.

அப்புறம் தகடு அடுக்குவது. E வடிவத் தகடுகளை ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிச் செருகி, எதிர்ப்பக்கத்து இடைவெளியில் I வடிவத் தகடு வைக்கணும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக அடுக்கினால் காற்றிடைவெளி விழுந்து சும்மா இருக்கும்போதே கரண்ட் இழுக்கும். தகட்டை எமரியால் தேய்க்காதீர்கள், அதன் மேல்பூச்சுதான் இன்சுலேஷன். கடைசித் தகடுகள் இறுக்கமாக இருக்கும், மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுங்கள். லூசாக விட்டால் ராத்திரியெல்லாம் உறுமும்.

சூடாக்கி ஈரம் போக்கி, வார்னிஷில் முக்கி, மறுபடி சூட்டில் காயவைக்கணும். நம்ம ஊர் மொட்டைமாடியே போதும் என்பார்கள், ஆனால் ரீவைண்டிங் கடை ஓவனில் நூறு டிகிரியில் வைப்பதுதான் சரி.

முதல் சோதனையை நேராக பிளக்கில் செருகிச் செய்யாதீர்கள். 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். செகண்டரி திறந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ சுற்று ஷார்ட். எரியாவிட்டால் பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள், 13 வோல்ட் அளவில் காட்டும். 12 வோல்ட் 21 வாட் கார் பல்பை லோடாக மாட்டி இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகு தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் அதைப் பெட்டிக்குள் போடாதீர்கள். டி.சி.யாக மாற்றுவதென்றால் கெப்பாசிட்டருடன் 1.2 ஆம்பியருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பிரைமரியில் கால் ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ், கோர் போல்ட்டிலிருந்து எர்த்துக்கு ஒரு பச்சை வயர், இரண்டும் இல்லாமல் பெட்டியை மூடாதீர்கள்.