உறைந்தால் சுத்தமா? எண்ணெய்க் கலப்படத்தைக் கண்டுபிடிப்பதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர் 4 லிட்டர் செக்குக் கடலை எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டார். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தபோது கலங்கி, கூழ் போலக் கெட்டியானதாம். "பாமாயிலைக் கலந்து ஏமாற்றிவிட்டான்" என்று முடிவு கட்டிவிட்டார். அந்த எண்ணெயை ஆட்டிக் கொடுத்தவரை எனக்குத் தெரியும். பருப்பைத் தானே புடைத்து, சொத்தையைப் பொறுக்கி எறிந்த பிறகுதான் செக்கில் போடுவார். குளிரில் கெட்டியாவது கடலை எண்ணெயின் பிறவிக்குணம். பெட்டிக்குள் இருக்கும் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் சுத்தமான கடலை எண்ணெயும் கலங்கத்தான் செய்யும்.

குளிர்சாதனப் பெட்டிச் சோதனை தேங்காய் எண்ணெய்க்காகச் சொல்லப்பட்டது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் சீசாவைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். கண்ணாடிக் குவளையில் ஊற்றி அரை மணி நேரம் பெட்டியில் வையுங்கள், உறைநிலை அறையில் வைக்காதீர்கள், வேறு எண்ணெய் கலந்திருந்தால் உறையாமல் தனி அடுக்காக நிற்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையமும் சொல்கிறது. உறையாத அடுக்கு தெரிந்தால் சந்தேகப்படுவது நியாயம். தெரியாவிட்டால் சுத்தம் என்று நம்பிவிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

காரணம், பனைக்கொட்டை எண்ணெய். எண்ணெய்ப்பனையின் பழச்சதையிலிருந்து வருவது பாமாயில். அதன் உள்ளிருக்கும் கொட்டைப் பருப்பிலிருந்து வருவது முற்றிலும் வேறு எண்ணெய். தேங்காய் எண்ணெயைப் போலவே அதிலும் பாதியளவு லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம்தான். அதுவும் தேங்காய் எண்ணெயோடு சேர்ந்து வெள்ளையாக உறையும், அடுக்காகப் பிரியாது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆய்வகத்தில் வித்தியாசம் உண்டு: தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு (எண்ணெய் எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்ற அளவு) 7.5 முதல் 10 வரை, பனைக்கொட்டை எண்ணெயின் மதிப்பு 14 முதல் 21 வரை. ஓலெயிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலமும் பின்னதில் கூடுதல். சமையலறையில் இதை அளக்க வழியே இல்லை.

நல்லெண்ணெய் வேறு மாதிரி. அது சாதாரணக் குளிருக்கு உறையாது. பெட்டிக்குள் வைத்தாலும் ஓடும் பதத்திலேயே இருக்கும். எனவே, கெட்டியாகும் நல்லெண்ணெயைச் சந்தேகிக்கலாம். ஆனால் சூரியகாந்தி எண்ணெயும் உறையாது என்பதால், அதைக் கலந்தவன் இந்தச் சோதனையில் தப்பிவிடுவான். ஒரே சோதனை தேங்காய் எண்ணெயில் பாதி உண்மை சொல்கிறது. நல்லெண்ணெயில் கால்வாசி சொல்கிறது. கடலை எண்ணெயில் நல்லவனைத் திருடனாக்குகிறது. சோதனையைக் கையில் எடுக்கும் முன், அதனால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்க முடியாது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மணத்தை நம்புவது அடுத்த தவறு. எள்ளின் மணம் வலுவானது. மணமில்லாத சுத்திகரித்த எண்ணெயில் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டாலே முழுச் சீசாவும் மணக்கும். நிறமும் சாட்சி ஆகாது. எள்ளின் வகை, வறுத்த பதம், சேர்த்த கருப்பட்டி என்று எத்தனையோ காரணங்களால் அது மாறும். காகிதத்தில் தடவிப் பார்ப்பது வீண் வேலை. எல்லா எண்ணெயும் கறைபடுத்தும். வடை சுடும்போது நுரைத்தால் கலப்படம் என்கிறார்கள். உண்மையில், சுத்திகரிக்காத எண்ணெயில் தங்கியிருக்கும் பாஸ்போலிப்பிடுகள் என்ற பசை போன்ற கொழுப்புப் பொருள்களும் ஈரமும்தான் பெரும்பாலும் நுரையைக் கிளப்புகின்றன. சுத்திகரிப்பில் அவை நீங்கிவிடும். இந்த அளவுகோலின்படி செக்கு எண்ணெய் தோற்கும்; ஆலையில் வெளுத்த எண்ணெய் வெல்லும்.

சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கினால் நல்லெண்ணெய் இளஞ்சிவப்பாகும் என்று காணொளிகள் வருகின்றன. போடுவான் சோதனை என்று அதற்குப் பெயர். சோதனை உண்மைதான், அதற்குக் கொடுக்கும் பொருள்தான் தவறு. வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்ததே, யாராவது நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் இந்தச் சிவப்பு காட்டிக்கொடுக்கும் என்பதற்காகத்தான். அந்தச் சொற்ப அளவுக்கே சிவக்கும் என்றால், சிவந்த சீசாவில் மீதி என்ன இருக்கிறது என்று இது எப்படிச் சொல்லும்? எள் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். மேலும், ஹைட்ரோகுளோரிக் அமிலம் குழந்தைகள் நடமாடும் சமையலறைக்கு ஆகாதது.

கலப்படம் என்றால் விலை குறைந்த எண்ணெயைக் கலப்பது மட்டுமே என்று நினைப்பதுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. பாமாயிலை அதன் பெயரைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் கலந்திருந்தது பிரம்மதண்டு என்ற நச்சுச் செடியின் விதை எண்ணெய். கால்கள் வீங்கி, இதயம் பாதிக்கப்பட்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1981-இல் ஸ்பெயினில், தொழிற்சாலைக்கென அனிலின் என்ற நச்சு வேதிப்பொருளைக் கலந்து வைத்திருந்த எண்ணெயைச் சமையல் எண்ணெயாக விற்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் நோயுற்றார்கள். அந்தச் சீசாக்களைக் கையில் எடுத்தவர்களுக்கு மூக்கும் கண்ணும் இல்லாமலா போயிற்று?

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் இன்னொரு தவறு, தீப எண்ணெயைச் சமையலுக்கு எடுப்பது. நல்லெண்ணெய்ச் சீசாவின் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், விலையும் குறைவு. "உண்பதற்கு அல்ல" என்ற வரி மூலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதில் கனிம எண்ணெய் இருக்கலாம். முகப்பிலிருக்கும் அம்மன் படத்தைப் பார்த்தபின் அந்த வரியையும் தேடிப் படியுங்கள்.

விலைக் கணக்கைப் போடாமல் இருப்பதும் தவறே. மரச்செக்கில் 1 லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எள் தேவை. கடலை எண்ணெய்க்கும் அதே அளவு பருப்பு வேண்டும். மளிகைக் கடையில் இரண்டரைக் கிலோ எள்ளின் விலையைக் கேளுங்கள். மொத்த விலைச் சலுகையையும் பிண்ணாக்கு விற்ற காசையும் கழித்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே ஒருவர் எண்ணெய் விற்றால், எள்ளைத் தவிர வேறு எதையோ விற்கிறார். என் அனுபவத்தில் வீட்டுச் சோதனைகள் அனைத்தையும்விட இந்தக் கணக்கு நம்பகமானது. அதிக விலை மட்டும் சுத்தத்துக்கு உத்தரவாதம் தராது.

சந்தேகம் முற்றினால் ஆய்வகம்தான் வழி. அங்கேயும் தவறு நடக்கிறது. அமில மதிப்பை மட்டும் பார்த்துவிட்டு "நல்ல எண்ணெய்" என்று மகிழ்கிறார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடித்திருக்கிறதா என்று சொல்லுமே தவிர, கலப்படத்தைச் சொல்லாது. ஒற்றை எண்ணும் போதாது. கடலை எண்ணெயின் அயோடின் மதிப்பு 85 முதல் 99 வரை. 54 மதிப்புள்ள பாமாயிலையும் 130 மதிப்புள்ள சூரியகாந்தி எண்ணெயையும் சரிபாதி கலந்தால் 92 வரும். அதில் ஒரு கடலைகூட இருக்காது! ஆய்வகத்தில் எண்ணெயை வேதிப்பொருள்களில் கரைத்துக் குளிர்விக்கும்போது, கடலை எண்ணெய்க்கே உரிய நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களால் 39 முதல் 41 டிகிரிக்குள் கலங்கல் காட்டும் பெல்லியர் சோதனை, இந்தப் பித்தலாட்டத்தைப் பிடிக்கும். எனவே கொழுப்பு அமிலங்களின் முழு விவரத்தையும் அந்தந்த எண்ணெய்க்குரிய சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். அறிக்கையில் துளியளவு வேற்று எண்ணெய் தெரிந்தால் உடனே பழி சுமத்த வேண்டாம். கடலை ஆட்டிய செக்கில் அடுத்துத் தேங்காய் ஆட்டினாலும் மிச்சம் ஒட்டிக்கொள்ளும். பிரித்த சீசாவில் மிஞ்சியதை ஊறுகாய் ஜாடியில் ஊற்றிக் கொண்டுபோகாதீர்கள். முத்திரை உடையாத பொதியும் ரசீதும் வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40-ஆம் பிரிவில், வாங்குபவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை செய்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. கிண்டியிலும் மதுரை, கோவை, சேலம், தஞ்சாவூர், பாளையங்கோட்டையிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன. ஒரு நிபந்தனை உண்டு: சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்பதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். விதிமீறல் உறுதியானால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.